நான் தமிழில் சொல்லாமல் விட்டவை

அன்றைக்கு அந்த மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அவள் ஏன் "ஓம்", ஆமாம் என்று சொன்னாள்? மூன்று வருடம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியாது.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம் நடந்தது இது. நாங்கள் அப்போது லண்டனில், மனோர் பார்க்கில், ஒரு பழைய வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே நானும் கணவரும் ஒன்றரை வயது மகளும். மேலே ஓர் அறையில் ஓர் இளம் தம்பதி. சமையலறையும் மேல்மாடியில் இருந்த மலசலகூடமும் இரண்டு குடும்பத்துக்கும் பொது. அவள் வன்னியிலிருந்து கலியாணம் முடித்து வந்து ஒன்றரை வருடம். அவளுடைய கணவர் எட்டு வருடம் பிரான்சில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர், கடை ஒன்றில் வேலை. நல்ல மனிதர். அதிகம் பேசமாட்டார்.

அவள் என்னை அக்கா என்பாள். நான் தங்கச்சி என்பேன். என் மகளுக்கு அவள் சித்தி. காலையில் கண் விழித்ததும் பிள்ளை படிக்கட்டைப் பார்த்துக் கை நீட்டும். அவள் இறங்கி வந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு போனால் பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எனக்குப் பிள்ளை கிடைக்கும். "உங்களுக்கு ஒண்டு பிறக்கட்டும், அப்ப நான் தூக்கிக்கொண்டு போயிடுவன், திருப்பித் தரமாட்டன், பாருங்கோ" என்று நான் பகிடி விடுவேன். அவள் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் ஒரு கவலையும் இருந்தது. ஊரிலிருந்து அவளுடைய மாமி, கணவரின் அம்மா, ரெலிபோன் எடுக்கும் போதெல்லாம் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கையோடு அவளுக்கு அடிவயிற்றில் வலி தொடங்கியது. முதலில் மாத வலி என்று நினைத்தாள். பிறகு காய்ச்சல் வந்தது. நிமிர்ந்து நடக்க ஏலாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். குடும்ப வைத்தியர் பார்த்துவிட்டு, உடனே மருத்துவமனையில் உள்ள பெண்கள் பிரிவுக்குப் போகச் சொன்னார். அவளுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வரும். எனக்கு நன்றாக வரும். நான் ஏ. எல். உயர்தர வகுப்பு வரை ஆங்கிலமும் சேர்த்துப் படித்தவள். அந்தப் பெருமை அப்போது எனக்கு நிறையவே இருந்தது. மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். அவளுடைய கணவரும் கடையில் சொல்லிவிட்டு வந்தார்.

பரிசோதித்த டொக்டர், கருப்பையிலும் கருக்குழாய்களிலும் கிருமி தொற்றி அழற்சி வந்திருக்கிறது என்றார். மருந்து உண்டு, இன்றே தொடங்க வேண்டும் என்றார். அந்த மருத்துவமனையில் அப்போது இந்த நோய்க்கு இரண்டு விதமான மருந்து முறைகளை ஒப்பிட்டு ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. இரண்டுமே பாவனையில் உள்ள மருந்துகள்தான். எது பெண்களுக்கு இலகுவாக, முழுமையாகக் குணம் தருகிறது என்று பார்க்கிறார்கள். விரும்பினால் சேரலாம், சேராவிட்டாலும் வைத்தியம் உண்டு. யாருக்கு எந்த மருந்து என்பதைக் கணினி எழுமாற்றாக, குலுக்கல் போல, தீர்மானிக்கும். இதை எங்களுக்கு விளக்கியவர் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான ஒரு தாதி, நடுவயது வெள்ளைக்காரப் பெண்மணி. அவரிடம் அவசரமே இல்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

முறைப்படி ரெலிபோனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தந்தார். ஒலிபெருக்கியில் ஓர் ஆணின் குரல், யாழ்ப்பாணத் தமிழில், "வணக்கம், சொல்லுங்கோ அம்மா" என்றது. அவள் முகம் செத்துப்போனது. கையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

"ஆம்பிளை, அக்கா. எங்கடை ஆள். நாளைக்குக் கோயிலிலை இந்தக் குரலைக் கேட்டால் நான் எங்கை போய் ஒளிக்கிறது? நீங்கள் சொல்லுங்கோ, அது போதும்."

பெண் மொழிபெயர்ப்பாளர் என்றால் இன்னும் மூன்று நாள் ஆகும். நோய் அதுவரை பொறுக்காது. தாதி யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து, தான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்வீர்களா என்று கேட்டார். சொல்வேன் என்றேன். அது ஒரு வாக்கு. நான் கொடுத்த வாக்கு.

மருந்தின் பக்கவிளைவு, எத்தனை நாள், எத்தனை தடவை வந்து காட்ட வேண்டும் எல்லாவற்றையும் அழகாகச் சொன்னேன். "எழுமாற்று" என்று நான் சொன்னபோது, "ஓம், கணக்குப் பாடத்திலை படிச்சனாங்கள்" என்று அவள் தலையாட்டினாள். ஆராய்ச்சியில் சேர விருப்பமா என்றதற்கு, "எனக்குப் பிறகு வாற பொம்பிளையளுக்கு உதவும் எண்டால் சேருவம் அக்கா" என்றாள். அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். தாதியின் கண் கொஞ்சம் கலங்கியது.

அதற்குப் பிறகுதான் அவர் அடுத்த பகுதிக்கு வந்தார். இந்தக் கிருமி பெரும்பாலும் உடலுறவு மூலம்தான் வருகிறது. எப்போதும் அல்ல. யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, எந்த அறிகுறியும் இல்லாமல் நீண்ட காலம் உடம்பில் இருக்கலாம். ஆகையால் இதில் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். ஆனால் கணவரும் கட்டாயம் மருந்து எடுக்க வேண்டும். இருவரும் முடிக்கும் வரை சேரக் கூடாது. இல்லாவிட்டால் திரும்பத் தொற்றும், குழாய்கள் பழுதடையும், பிள்ளை பிறப்பது கடினமாகலாம்.

நான் வாயைத் திறந்தேன். கதவில் இருந்த கண்ணாடி வழியே வெளியே பார்த்தேன். நடைபாதையில் அவளுடைய கணவர் என் மகளின் தள்ளுவண்டியை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டு நின்றார். பிரான்சில் எட்டு வருடம் என்று என் மனம் கணக்குப் போட்டது. நான் இதைச் சொன்னால் அவளும் அதே கணக்கைத்தான் போடுவாள். இன்றைக்கே வீட்டில் சண்டை. நாளைக்கு ஊர் முழுக்க. இரண்டு பேரைப் பிரித்தவள் என்ற பெயர் எனக்கு.

"தங்கச்சி, இது ஒரு கிருமியாம்" என்றேன். "குளிசையை ஒழுங்காப் போடோணும். பாரம் தூக்காமல் ரெண்டு கிழமை ஆறுதலா இருக்கோணும். அவருக்கும் ஒரு குளிசை தருவினம், சத்துக் குளிசை மாதிரி."

தாதி என்னைப் பார்த்தார். தான் இவ்வளவு நேரம் பேசியதை நீங்கள் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டீர்களே என்றார். தமிழில் சுருக்கமாகச் சொல்லலாம் என்றேன், சிரித்துக்கொண்டே. அவர் நம்பினார். ஏன் நம்பமாட்டார்? அவளிடம் நேராக, புரிந்ததா என்று கேட்டார். அவள் "யெஸ்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

பஸ்ஸில் வரும்போது அவள் கேட்டாள்: "அக்கா, இந்தக் கிருமி எனக்கு எப்பிடி வந்தது?"

அவளுடைய கணவர் இரண்டு இருக்கை முன்னால் இருந்தார். "எங்கையாவது தொத்தியிருக்கும். டொய்லெட்டுகள் சுத்தமில்லைத்தானே" என்றேன். ஒரு நிமிடத்தில் வாயில் வந்த பேச்சு.

அடுத்த நாளிலிருந்து அவள் மேல்மாடி மலசலகூடத்தைக் காலையும் மாலையும் பிளீச் ஊற்றித் தேய்க்கத் தொடங்கினாள். நிமிர்ந்து நிற்க ஏலாத வலியோடு முழந்தாளில் இருந்து தேய்த்தாள். கைத்தோல் வெடித்தது. "விடுங்கோ தங்கச்சி, நான் செய்யிறன்" என்றால், "வேண்டாம் அக்கா, உங்களுக்கும் வந்திடும்" என்பாள். அதைவிடக் கொடுமை ஒன்று. என் மகளைத் தூக்குவதை நிறுத்திவிட்டாள். பிள்ளை படியில் ஏறினால் மேலே நின்றபடி, "வராதை செல்லம், சித்திக்குக் காய்ச்சல்" என்று சொல்லிக் கதவைச் சாத்துவாள். பிள்ளை மூடிய கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தினமும் நினைத்தேன். சொன்னால் முதலில் ஏன் மறைத்தாய் என்ற கேள்வி வருமே என்று பயம். என் கணவரிடம் மேலோட்டமாகக் கேட்டேன். "மற்றவையின்ரை குடும்பத்துக்குள்ளை நீர் ஏன் போறீர்?" என்றார். அது எனக்கு வசதியாக இருந்தது.

நாலைந்து நாள் கழித்துச் சமையலறையில் தேயிலை ரின்னுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துப் பக்கற் உடைக்காமல் இருந்ததைக் கண்டேன். அவளுடைய கணவருக்குக் கொடுத்தது.

"அவர் போடேல்லையோ?"

"சத்துக் குளிசை எண்டு குடுத்தனான் அக்கா. 'என்னைப் பாத்தால் கிழவன் மாதிரியோ இருக்கு?' எண்டு கேட்டுச் சிரிக்கிறார்."

"போடச் சொல்லுங்கோ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஆராய்ச்சிக்காக அவளுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் குளிசை போட்டதற்கு ஓர் அடையாளம், வலி எவ்வளவு என்பதற்கு ஓர் இலக்கம். அவள் அதைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்து, குளிசை போட்டவுடன் சிறிய, நேரான கோடு ஒன்று போடுவாள். ஒரு நாள் வாந்தி வந்து குளிசையும் வெளியே வந்துவிட்டது. அதைக் கூட எழுத வேண்டும் என்று என்னிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கினாள். "பொய் எழுதினால் அவையின்ரை ஆராய்ச்சி பிழைச்சுப் போகும் என்ன அக்கா?" என்றாள்.

இரண்டாம் கிழமை முடிவில், பதினான்காம் நாள், மீண்டும் மருத்துவமனைக்குப் போனோம். காத்திருக்கும் இடத்தில் அந்தத் தாளின் கடைசிப் பக்கத்தை நிரப்பச் சொன்னார்கள். இரண்டு கேள்விகள். கணவர் மருந்தை முழுதாக எடுத்தாரா? சிகிச்சை தொடங்கியபின் உடலுறவு உண்டா? பேனை என் கையில். அவள் பக்கத்தில். எதிரே நாலைந்து பேர். நான் அவளிடம் கேட்க வேண்டும். கேட்டால் இந்தக் கேள்வி ஏன் வருகிறது என்றும் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஒரு கேள்வியையும் வெறுமையாக விட்டுக் கொடுத்தவள் இல்லை நான். தெரியாததற்கும் ஏதாவது எழுது, ஒரு புள்ளியாவது கிடைக்கும் என்று பழக்கியிருந்தார்கள். முதல் கேள்விக்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் அடையாளம் போட்டேன். அவளைக் கேட்கவில்லை.

தாதி தாளைப் பார்த்து, எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். நான் மொழிபெயர்த்தேன். அவளுக்கு முகமெல்லாம் சந்தோசம். "பரீட்சை பாஸ் பண்ணின மாதிரி இருக்கு அக்கா" என்றாள்.

வலி குறைந்தது. முழுதாகப் போகவில்லை. இடைக்கிடை வந்து வந்து போனது. கோடை முடியும் நேரம் ஒரு காலை, சமையலறையில் என் வாயில் ஒரு துண்டு கற்கண்டைத் திணித்தாள். "மாமிக்கு இன்னும் சொல்லேல்லை. உங்களுக்குத்தான் முதல்" என்றாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். நான் செய்த பிழை எல்லாம் கழுவப்பட்டு விட்டது என்று நினைத்தேன். என் அழுகையில் பாதி அதற்காகத்தான்.

பத்து நாள் கூடப் போகவில்லை. காலை ஒன்பது மணி இருக்கும், மேலே தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப் போனேன். மலசலகூட வாசலில் சுருண்டு கிடந்தாள். முகம் வெளுத்து, வேர்த்து, கையில் கழுவும் பிரஷ். கீழே படியில் நின்று என் மகள் "சித்தி, சித்தி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்புலன்ஸ் வரும் வரை அவளுடைய தலையை மடியில் வைத்திருந்தேன். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் பிளீச் மணம் மட்டும்தான்.

கரு கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்துவிட்டது. அந்தக் குழாயை எடுத்துவிட்டார்கள். மற்றக் குழாயும் ஒட்டிப்போய் இருக்கிறது என்றார்கள்.

மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது கட்டிலருகே ஒரு பெண் டொக்டர் நின்றார். தமிழ்நாட்டுக்காரர், என் வயதுதான் இருக்கும். அவளுடைய கணவர் சுவரோரம் நின்றார். டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாதாரணமாகப் பேசத் தொடங்கினார்.

"ஏம்மா, கை ஏன் இப்படி வெடிச்சிருக்கு?"

அவள் டொய்லெட் கழுவுவதைச் சொன்னாள். ஏன் கழுவுகிறாள் என்பதையும் சொன்னாள்.

"இல்லம்மா. இது டாய்லெட்லேர்ந்து வர்றது இல்ல. பெரும்பாலும் கணவன் மனைவி சேர்க்கையில வர்ற கிருமி. யார்கிட்டேர்ந்து, எப்போன்னு யாராலயும் சொல்ல முடியாது, அதைத் தேடவும் வேணாம். ஆனா ரெண்டு பேரும் மருந்து சாப்பிட்டே ஆகணும். முடியற வரைக்கும் சேரக் கூடாது. இதெல்லாம் முன்னாடியே உங்களுக்குச் சொன்னாங்களா?"

நான் அத்தனை மாதமாகச் சொல்ல முடியாததை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். கூரை இடிந்து விழவில்லை. அவளுடைய கணவர் தலையைக் குனிந்தபடி, "தாங்கோ டொக்டர், நான் போடுறன்" என்றார்.

அவள் போர்வையின் விளிம்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"ஓம் டொக்டர்" என்றாள். "அக்கா அப்பவே எல்லாம் சொன்னவா."

டொக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு நான் பயந்த சண்டை வரவேயில்லை. அவர் குளிசை போட்டார். அவளுக்குச் சோறு குழைத்துக் கொடுத்தார். பிளீச் போத்தலும் பிரஷும் மூலையில் காய்ந்து கிடந்தன. ஒரு பின்னேரம் என் மகள் படியேறிப் போனாள். வழக்கம்போல் கதவு சாத்தும் என்று நான் கீழே காத்து நின்றேன். சாத்தவில்லை. மேலே போய்ப் பார்த்தால் பிள்ளை அவளுடைய மடியில் நித்திரை. வயிற்றுத் தையலில் படாமல் ஒரு தலையணையை வைத்து, அதன் மேல் பிள்ளையைக் கிடத்தியிருந்தாள். "எழுப்பாதேங்கோ அக்கா, கொஞ்சம் கிடக்கட்டும்" என்றாள். நான் கதவோரம் நின்றேன். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கீழே இறங்கிவிட்டேன்.

அந்தக் கிழமையே ஆராய்ச்சித் தாதிக்கு ரெலிபோன் எடுத்தேன். கடைசிப் பக்கத்தை நிரப்பியது நான், அவளைக் கேட்காமல் நிரப்பினேன், சொல்லச் சொன்னதையும் சொல்லவில்லை என்றேன். சொன்னதற்கு நன்றி, அந்தப் பதிலை இனிக் கணக்கில் எடுக்க முடியாது, எழுதித் தாருங்கள் என்றார். மனம் கேட்காமல், நான் அன்றே சொல்லியிருந்தால் அந்தக் குழந்தை தங்கியிருக்குமா என்று கேட்டேன். மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே குழாய் பழுதடைந்திருக்கலாம், அதற்குப் பிறகும் இருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். அவர் ஆறுதலுக்காக அப்படிச் சொன்னாரா, உண்மையே அதுதானா என்று இன்றுவரை யோசிக்கிறேன். கடைசியாக அவர் கேட்டது ஒன்றுதான்: இதெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா?

எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

டொக்டர் முன்னால் எனக்கு மானம் போகக்கூடாது என்று அவள் "ஓம்" சொல்லியிருக்கலாம். தன்னை ஒன்றும் தெரியாதவளாக வைத்திருந்தார்கள் என்று காட்ட வெட்கப்பட்டும் சொல்லியிருக்கலாம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதை நினைத்தால்தான் எனக்கு நித்திரை வருவதில்லை. அக்கா படித்தவள், அக்கா சொல்லாமல் விட்டிருக்கமாட்டாள், எனக்குத்தான் விளங்கவில்லை என்று அவள் உண்மையாகவே நம்பியிருக்கலாம். அப்படியென்றால் இவ்வளவு காலமும் அவள் தன்னைத்தானே நொந்துகொண்டிருக்கிறாள்.

அவர்கள் இப்போது ஹவுன்ஸ்லோவில் இருக்கிறார்கள். அவருக்கு விமான நிலையத்தில் வேலை. இன்னும் பிள்ளை இல்லை. என் மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தன் கையால் தைத்த சட்டை ஒன்று தபாலில் வரும். போன மாதமும் வந்தது. அளவு கச்சிதமாக இருந்தது. பிள்ளையைக் கண்ணால் காணாமலே அது எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிகிறது. மகள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றி ஆடுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதை வாசிக்கும் சகோதரிகளே, ஒன்றுதான் கேட்கிறேன். நான் ஹவுன்ஸ்லோவுக்குப் போய் அவள் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா? சொன்னால் பாரம் இறங்குவது எனக்கு மட்டும்தானா, அவளுக்கு ஏறுமா? சொல்லாவிட்டால், அவளுக்காக எது நல்லது என்று மறுபடியும் நானே தீர்மானிக்கிறேன் அல்லவா? அன்றைக்கும் அதைத்தானே செய்தேன். எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். இந்த முறை, எவ்வளவு கசப்பாக இருந்தாலும், எதையும் குறைக்காமல் சொல்லுங்கள்.